கனிவளமும் மத்திய - மாநில அதிகாரப் பங்கீடும்

நிலக்கரி, இரும்புத் தாது, பாக்சைட், மாங்கனீஸ், சுண்ணாம்புக்கல் ஆகிய கனிமங்கள் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமானவை என்பது அனைவரும் அறிந்ததே. இவை நாடெங்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்களில் இவற்றுட் பல பெருமளவில் செறிந்துள்ளன. ஆனால் இவற்றைக் கொண்டு ஆக்கப்படும் உருக்கும் மின்சாரமும் சிமெண்டும் எல்லா மாநிலங்களுக்கும் தேவைப்படுகின்றன. மேலும், பயிர் போல் கனிமம் மறுபோகம் விளைவதில்லை. ஒரு முறை எடுத்தது எடுத்ததுதான். ஆகவே, கனிமத்தை எடுக்க யாருக்கு அனுமதி அளிப்பது, எவ்விதம் எடுப்பது, அதனால் வரும் வருமானம் யாரைச் சேர்வது என்னும் கேள்விகள் பொருளாதாரத் திட்டமிடலில் முக்கியமான இடம் பெறுகின்றன.

இக்கேள்விகளுக்கு விடை கூறும் அதிகாரம் மத்திய அரசுக்கு உரியதா, மாநில அரசுக்கு உரியதா? மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டமே மேலோங்கும் என்று பாடநூல்கள் ஒரே வரியில் கூறிவிடுகின்றன. அது உண்மையின் ஒரு பகுதியே. மத்தியச் சட்டம் எந்த அளவுக்கு மேலோங்குகிறது, அவ்வாறு மேலோங்கும்போது மாநிலச் சட்டம் செய்துவந்த பணியை யார் ஏற்பது என்னும் இரண்டையும் சேர்த்து நோக்கினால்தான் பொருள் முழுமையாக விளங்கும். கனிமத் துறையின் எழுபது ஆண்டு வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மூன்று பட்டியல்கள்

அரசியல் சட்டத்தின் 246ஆவது பிரிவும் ஏழாவது அட்டவணையும் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பங்கிடுகின்றன. 1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மத்தியப் பட்டியலில் 97 இனங்களும், மாநிலப் பட்டியலில் 66 இனங்களும், பொதுப் பட்டியலில் 47 இனங்களும் இருந்தன. பின்னர் சில மாற்றங்கள் ஏற்பட்டன. எடுத்துக்காட்டாக, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் கல்வி, காடுகள், வனவிலங்கு மற்றும் பறவைகள் பாதுகாப்பு, எடைகளும் அளவைகளும், நீதி நிர்வாகம் ஆகிய பொருள்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

பொதுப் பட்டியலில் உள்ள பொருள் குறித்துப் பாராளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். இரண்டும் முரண்படுமானால் 254ஆவது பிரிவின்படி மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாததாகும். எனினும், மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டு அவரது ஒப்புதலைப் பெற்றிருந்தால், அம்மாநிலத்தில் அதுவே செயற்படும். அதன் பின்னரும் அதே பொருள் குறித்துப் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றி அதனை மாற்றவோ நீக்கவோ கூடும்.

மேலும் சில வழிகளும் உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டால், மாநிலப் பொருள் குறித்தும் பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது 252ஆவது பிரிவு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இவ்வழியில் பிறந்தது. பன்னாட்டு உடன்பாடுகளையும் மாநாட்டு முடிவுகளையும் நிறைவேற்றுவதற்காக 253ஆவது பிரிவின் கீழும் சட்டம் இயற்றலாம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இவ்வகையைச் சேர்ந்தது.

கனிமங்களின் நிலை இவற்றிலிருந்து வேறுபட்டது. அதைத் தனியே விளக்க வேண்டும்.

"எந்த அளவுக்கு" என்னும் சொற்கள்

சுரங்க ஒழுங்குமுறையும் கனிம மேம்பாடும் மாநிலப் பட்டியலின் 23ஆவது இனத்தில் உள்ளன. ஆனால் அது மத்தியப் பட்டியலின் விதிகளுக்கு உட்பட்டது. மத்தியப் பட்டியலின் 54ஆவது இனமும் இதே பொருளைப் பற்றியது. பொதுநலன் கருதி எந்த அளவுக்கு இப்பொருளை மத்திய அரசின் கட்டுப்பாட்டில் கொள்வது உகந்தது என்று பாராளுமன்றம் சட்டத்தால் பிரகடனம் செய்கிறதோ, அந்த அளவுக்கு அது மத்திய அதிகாரமாகிறது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்திலேயே இதே அமைப்பு இருந்தது. அரசியல் சட்டம் அதனைத் தொடர்ந்து மேற்கொண்டது. தொழில்கள் குறித்த 52ஆவது இனமும் இதனை ஒத்ததே.

ஆகவே, இங்கு எல்லைக் கோட்டை அரசியல் சட்டம் நிலையாக வரைந்துவிடவில்லை. கோட்டை வரையும் எழுதுகோலைப் பாராளுமன்றத்திடம் அளித்துள்ளது. பாராளுமன்றம் பிரகடனம் செய்யாதவரை முழு அதிகாரமும் மாநிலத்துக்கு உரியது. பிரகடனம் செய்தபின், அந்த அளவுக்கு மாநில அதிகாரம் குறைந்துபோகிறது.

இதற்கும் 254ஆவது பிரிவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நன்கு கவனிக்க வேண்டும். பொதுப் பட்டியலில் இரு சட்டங்களுக்கும் இடையே முரண்பாடு உண்டா என்பதே கேள்வி. பிரகடனத்தால் எடுத்துக்கொள்ளப்பட்ட களத்தில் முரண்பாடு இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிலத்துக்கு அதிகாரமே இல்லாமற் போய்விடுகிறது. அதிகாரமில்லாமல் இயற்றப்பட்ட சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் காப்பாற்ற இயலாது.

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் இத்தகைய பிரகடனத்தை அதன் 2ஆவது பிரிவில் செய்தது. இச்சட்டத்தில் இனிமேல் வகை செய்யப்பட்டுள்ள அளவுக்கு என்று அப்பிரிவு தன் எல்லையைத் தானே குறிப்பிடுகிறது. 1958 ஜூன் 1ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குத்தகை வழங்கும் முறை, ராயல்டி விகிதம், கனிமப் பாதுகாப்பு ஆகியவை மத்தியச் சட்டத்தின் கீழ் வந்தன. குத்தகை வழங்கும் கையும், ராயல்டி பெறும் கருவூலமும் மாநிலத்தினுடையவையாகவே நீடித்தன.

ஒரிஸ்ஸாவின் இரு வழக்குகள்

1952இல் ஒரிஸ்ஸா சட்டமன்றம் சுரங்கப் பகுதிகள் மேம்பாட்டு நிதிச் சட்டத்தை இயற்றியது. சுரங்க வாயிலில் கனிமத்தின் மதிப்பில் 5 சதவீதத்துக்கு மிகாமல் செஸ் எனப்படும் மேல்வரி வசூலித்து, அதை ஒரு தனி நிதியில் சேர்த்து, சுரங்கப் பகுதிகளில் போக்குவரத்து, குடிநீர், மின்சாரம் முதலிய வசதிகளைச் செய்துதருவது அதன் நோக்கம். கனிமம் போகும் ஊருக்கு வளம் சேர்கிறது. கனிமம் கிடைக்கும் ஊருக்குத் தூசியும் பழுதுபட்ட சாலையும் எஞ்சுகின்றன என்னும் நிலைக்கு ஒரு மாற்று தேட முயன்ற சட்டம் அது.

ஹிங்கிர்-ராம்பூர் நிலக்கரிக் கம்பெனி இச்சட்டத்தை எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 1960 நவம்பரில் அளித்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றனர். வசூலிக்கப்படுவது பொது வரியன்று, குறிப்பிட்ட சேவைக்கான கட்டணமே என்பது ஒரு காரணம். அப்போது இருந்த 1948ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முற்பட்டது. ஆகவே அதில் உள்ள பிரகடனம் 54ஆவது இனம் கூறும் பாராளுமன்றப் பிரகடனமாகாது என்பது மற்றொரு காரணம்.

ஆனால் மூன்றாண்டுகளில் நிலைமை மாறியது. எம். ஏ. டல்லாக் கம்பெனி வழக்கில், 1963 ஆகஸ்டில், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவை நீதிமன்றம் ஆராய்ந்தது. கனிமங்களின் பாதுகாப்புக்கும் முறையான மேம்பாட்டுக்கும் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுப்பது மத்திய அரசின் கடமை என்று அச்சட்டத்தின் 18ஆவது பிரிவு கூறியது. ஒரிஸ்ஸாச் சட்டம் இயங்கிய களம் இதனுள் அடங்கிவிட்டது. ஆகவே 1958 ஜூன் 1 முதல் அது செயலற்றது என்று தீர்ப்பாயிற்று. அக்களத்தில் மத்திய அரசு உண்மையில் விதிகள் வகுத்ததா, பணிகள் செய்ததா என்பதை நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. களத்தை எடுத்துக்கொள்ளும் எண்ணம் சட்டத்தில் தெரிந்தால் போதும் என்பதே முடிவு.

சட்ட நெறியில் இம்முடிவு உறுதியானது. பின்வந்த வழக்குகளும் இதனைப் பின்பற்றின. ஆனால் நிர்வாக நோக்கில் இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. சுரங்கப் பகுதியின் மேம்பாட்டுக்கென ஒரு மாநிலம் ஏற்படுத்திய நிதி மறைந்தது. அதே நோக்கத்துக்கு மத்தியச் சட்டத்தில் வேறொரு நிதி அப்போது ஏற்படவில்லை. 1961ஆம் ஆண்டின் இரும்புத் தாதுச் சுரங்கத் தொழிலாளர் நல மேல்வரிச் சட்டம் போன்றவை தொழிலாளர் நலனுக்கு உதவின. சுரங்கத்தில் வேலை பெறாமல் சுரங்கத்தின் பக்கத்தில் வாழும் மக்கள் அவற்றின் வரம்பில் இடம்பெறவில்லை.

உடைமை வேறு, ஒழுங்குமுறை வேறு

நிலத்தடிக் கனிமம் பெரும்பாலும் மாநில அரசின் உடைமை. ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் பல மாநிலங்களில் இதனை உறுதிப்படுத்தின. கடல் எல்லைக்குட்பட்ட கனிமங்கள் மட்டும் 297ஆவது பிரிவின்படி மத்திய அரசைச் சேர்ந்தவை. உடைமை மாநிலத்துக்கு இருப்பதனாலேயே மத்தியச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற இயலுமா?

நிலக்கரி உள்ள நிலங்களைக் கையகப்படுத்த 1957இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியபோது மேற்கு வங்காள அரசு இக்கேள்வியை எழுப்பியது. மாநிலத்துக்குச் சொந்தமான நிலக்கரி நிலத்தையும் பாராளுமன்றச் சட்டத்தின் கீழ்க் கையகப்படுத்தலாம் என்று 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தார். 1973இல் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது மத்திய அரசின் பங்கு மேலும் விரிவடைந்தது.

சிறு கனிமங்கள்

கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் முதலியவை சிறு கனிமங்கள் எனப்படும். இவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு மாநில அரசுகளிடம் அளித்துள்ளது. 2015 பிப்ரவரியில் மேலும் 31 கனிமங்கள் இவ்வகையில் சேர்க்கப்பட்டன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறு கனிமம் குறித்து மாநிலம் விதி வகுக்கும்போது அது 23ஆவது இனத்தின் கீழ்த் தன் சொந்த அதிகாரத்தால் செயற்படுவதாகப் பலரும் எண்ணுகின்றனர். பைஜ்நாத் கேடியா வழக்கில் பீகார் அரசின் சட்டத் திருத்தத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சிறு கனிமங்களும் மத்தியச் சட்டத்தின் களத்துக்குள் வந்துவிட்டன என்று முடிவு செய்தது. ஆகவே மாநில அரசு பாராளுமன்றம் அளித்த அதிகாரத்தைக் கொண்டே விதி வகுக்கிறது. தலைமைச் சட்டத்தின் நோக்கத்துக்குள் அவ்விதிகள் அமைதல் வேண்டும்.

எனினும் அவ்வெல்லைக்குள் அதிகாரம் குறுகியதன்று. கருங்கல் வகையைச் சேர்ந்த கறுப்புக் கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதில்லை என்று 1977இல் தமிழ்நாடு அரசு தன் சிறு கனிமச் சலுகை விதிகளில் 8-சி என்னும் விதியைச் சேர்த்தது. ஹிந்த் ஸ்டோன் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றது. அரிய கனிமத்தை அறிவோடு பயன்படுத்துவதற்காகத் தனியார் குத்தகையைத் தடுப்பதும் ஒழுங்குமுறையின் ஒரு கூறே என்பது அதன் அடிப்படை.

ராயல்டியும் வரியும்

அதிகாரப் பங்கீட்டில் மிக நீண்ட வழக்கு வரிவிதிப்பைப் பற்றியது. மாநிலப் பட்டியலின் 49ஆவது இனம் நிலங்கள், கட்டடங்கள் மீதான வரியையும், 50ஆவது இனம் கனிம உரிமைகள் மீதான வரியையும் மாநிலங்களுக்கு அளிக்கின்றன. பின்னதற்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: கனிம மேம்பாடு குறித்த சட்டத்தால் பாராளுமன்றம் விதிக்கும் வரம்புகளுக்கு அது உட்பட்டது.

ராயல்டியின் நிலை வேறு. அதன் தொகை மாநிலத்தைச் சேர்கிறது. ஆனால் விகிதத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. மூன்றாண்டுகளில் ஒரு முறைக்கு மேல் அதை உயர்த்தக் கூடாது என்றும் 9ஆவது பிரிவு கூறுகிறது. டன் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று விகிதம் நிர்ணயிக்கப்பட்டிருந்த காலத்தில், சந்தை விலை ஏறினாலும் மாநில வருமானம் ஏறாமல் நின்றது. இந்தக் குறை கருதியே, 1983இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா கமிஷன், ராயல்டி விகிதங்களை இரண்டாண்டுக்கு ஒரு முறை பரிசீலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரும்புத் தாதுவுக்கு 2009இல்தான் எடை முறை கைவிடப்பட்டு, விலையில் 10 சதவீதம் என்னும் முறை வந்தது. 2014இல் அது 15 சதவீதமாயிற்று.

வருமானத்தைப் பெருக்க மாநிலங்கள் ராயல்டியின் மீதே மேல்வரி விதிக்கத் தலைப்பட்டன. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துகள் சட்டத்தின் 115ஆவது பிரிவு நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு தலமேல்வரி விதித்தது. ராயல்டியும் நிலவரியில் அடங்கும் என்று பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு விளக்கம் கூறியது. இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் 1989 அக்டோபரில் இது மாநில அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று தீர்ப்பளித்தது. ராயல்டியும் ஒரு வரியே என்று அத்தீர்ப்பில் கூறப்பட்டது.

இதனால் பல மாநிலங்களின் வருமானம் ஒரே நாளில் கேள்விக்குள்ளானது. ஏற்கெனவே வசூலித்ததைத் திருப்பித் தர நேருமோ என்னும் நிலை எழுந்தது. பாராளுமன்றம் 1992இல் ஒரு செல்லுபடியாக்கச் சட்டம் இயற்றி, 1991 ஏப்ரல் 4 வரை வசூலித்ததைக் காப்பாற்றியது. 1991 ஆகஸ்டில் நிலக்கரி ராயல்டியும் உயர்த்தப்பட்டது. மேற்கு வங்காளம் தன் மேல்வரியைத் தொடர்ந்து விதித்துவந்ததால் அம்மாநிலத்துக்கு மட்டும் ராயல்டி குறைவாகவே வைக்கப்பட்டது. மாநிலத்தின் அதிகாரம் தடைப்பட்ட இடத்தில் மத்திய அரசு சட்டத்தாலும் நிர்வாக முடிவாலும் ஓரளவு ஈடு செய்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

2004இல் கேசோராம் வழக்கில் ஐவர் ஆயம், ராயல்டி வரியாகாது, முந்தைய தீர்ப்பில் அவ்வாறு இருப்பது எழுத்துப் பிழை என்று கூறியது. ஏழு நீதிபதிகள் கூறியதை ஐந்து நீதிபதிகள் இவ்வாறு விளக்கலாமா என்ற கேள்வி எழுந்து, 2011இல் ஒன்பது நீதிபதிகளின் ஆயத்துக்கு வழக்கு அனுப்பப்பட்டது.

கனிமப் பகுதி மேம்பாட்டு ஆணையத்துக்கும் இந்திய உருக்கு ஆணையத்துக்கும் இடையிலான அவ்வழக்கில் 2024 ஜூலை 25 அன்று எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. ராயல்டி வரியன்று, கனிமம் எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைதாரர் தரும் ஒப்பந்தக் கைம்மாறு. 54ஆவது இனம் ஒழுங்குமுறை அதிகாரம். அதனுள் வரிவிதிக்கும் அதிகாரம் அடங்காது. கனிம உரிமை மீதும், கனிமம் தாங்கிய நிலத்தின் மீதும் வரிவிதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இதுவரை வரம்பு எதுவும் விதிக்கவில்லை. இவை பெரும்பான்மையின் முடிவுகள். மாநிலங்கள் வருவாய்க்காக ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கனிம விலைகளை உயர்த்தினால் நாட்டின் சீரான வளர்ச்சி பாதிக்கப்படும் என்று நீதிபதி நாகரத்னா மாறுபட்ட தீர்ப்பில் கருதினார்.

2024 ஆகஸ்டு 14இல் நீதிமன்றம் இதன் நடைமுறையை விளக்கியது. 2005 ஏப்ரல் 1க்கு முற்பட்ட நடவடிக்கைகள் மீது வரி கோரக் கூடாது. பாக்கிகளை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தலாம். தீர்ப்பு நாளுக்கு முற்பட்ட காலத்துக்கான வட்டியும் தண்டமும் தள்ளுபடி செய்யப்படும். அதே ஆண்டில் ஜார்க்கண்டும் தமிழ்நாடும் கனிமம் தாங்கிய நிலங்கள் மீது வரி அல்லது மேல்வரி விதிக்கும் சட்டங்களை இயற்றின. பாராளுமன்றம் விரும்பினால் 50ஆவது இனத்தின் கீழ் வரம்பு விதிக்கலாம் என்பதையும் தீர்ப்பு ஏற்றுள்ளது. ஆகவே இறுதிக் கோடு இன்னும் பாராளுமன்றத்தின் கையில்தான் உள்ளது.

ஒரு சுரங்கத்தில் பல சட்டங்கள்

நடைமுறையில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி குத்தகையை மாநில அரசு ஏலத்தின் மூலம் வழங்குகிறது. ஏல முறையை மத்திய விதி வகுக்கிறது. சுரங்கத் திட்டத்துக்கு நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுரங்கத் துறையின் ஒப்புதல் தேவை. தொழிலாளர் பாதுகாப்பு மத்தியப் பட்டியலின் 55ஆவது இனம். அதனைத் தன்பாதில் தலைமையிடம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் கவனிக்கிறது. நிலம் காடாக இருந்தால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ராயல்டி மாநிலக் கருவூலத்தைச் சேரும். தாதுவை ஏற்றிச் செல்லும் லாரிக்கான அனுமதிச் சீட்டு முறையை, 1999இல் சேர்க்கப்பட்ட 23-சி பிரிவின் கீழ் மாநில அரசு வகுக்கிறது.

சிறு கனிமமாயினும் மாநில விதி மட்டுமே போதும் என்று கருதக் கூடாது. குவாரிக் குத்தகையைப் புதுப்பிக்கவும் வனச் சட்ட அனுமதி தேவை என்று அம்பிகா குவாரி வழக்கிலும், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கிலும் முடிவாயிற்று.

திருட்டு மணல் பிடிபடும்போது எழும் ஐயமும் இத்தகையதே. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான குற்றத்தை, அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்து மூலம் புகார் செய்தால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கலாம் என்கிறது 22ஆவது பிரிவு. அதனால் போலீசார் கைகட்டி நிற்க வேண்டுமா? அரசுக்குச் சொந்தமான மணலை எடுப்பது பொதுச் சட்டப்படி திருட்டுக் குற்றமும் ஆகும். அதற்குத் தனியே வழக்குத் தொடரலாம் என்று 2014இல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மத்தியச் சட்டமும் மாநிலப் போலீஸ் அதிகாரமும் அடுத்தடுத்து நின்று ஒரே நோக்கத்துக்கு உதவுவதற்கு இது எடுத்துக்காட்டு.

பொருளாதார நோக்கு

ஒழுங்குமுறை மத்தியில் இருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. கனிமம் உள்ள மாநிலம் விதிக்கும் வரியைப் பெரும்பாலும் வேறு மாநில நுகர்வோரே சுமக்கின்றனர். ஆகவே வரியை உயர்த்துவதில் அம்மாநிலத்துக்குத் தயக்கம் குறைவாக இருக்கக்கூடும். அரிய கனிமங்களைப் பொறுத்தவரை நாடு முழுவதையும் கருதிய கொள்கை வேண்டும். 2023ஆம் ஆண்டின் திருத்தம் 24 முக்கியக் கனிமங்களின் ஏலத்தை மத்திய அரசிடம் ஒப்படைத்ததும் இந்நோக்கில்தான். அவ்வேலத்தின் வருமானம் மாநிலத்துக்கே சேரும்.

மாநிலங்களின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1956 முதல் உருக்குக்கு நாடெங்கும் ஒரே விலை கிடைக்குமாறு சரக்குக் கட்டணம் சமப்படுத்தப்பட்டது. சுரங்கத்தின் அருகே ஆலை அமைவதனால் கிழக்கு மாநிலங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடச் சாதகம் இதனால் குன்றியது. 1990களின் தொடக்கத்தில்தான் அம்முறை கைவிடப்பட்டது. ராயல்டி விகிதமும் தம் கையில் இல்லாதபோது, இடம்பெயர்ந்தோருக்கும் பழுதுபட்ட நிலத்துக்கும் எங்கிருந்து செலவிடுவது என்பது அம்மாநிலங்களின் கேள்வி.

சுரங்கப் பகுதி மக்கள்

1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 9-பி பிரிவு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம நிதியம் அமைக்க வகை செய்தது. பழைய குத்தகைதாரர்கள் ராயல்டியில் 30 சதவீதமும், ஏலத்தில் குத்தகை பெற்றோர் 10 சதவீதமும் கூடுதலாக இந்நிதிக்குச் செலுத்துகின்றனர். குடிநீர், சுகாதாரம், கல்வி முதலியவற்றுக்கு இது பயன்படுகிறது.

1952இல் ஒரிஸ்ஸா சட்டமன்றம் எண்ணியதும் ஏறத்தாழ இதுவே. 1958 ஜூன் முதல் மத்தியச் சட்டம் அக்களத்தை எடுத்துக்கொண்டது. அக்களத்தில் சுரங்கப் பகுதி மக்களுக்கான நிதி ஏற்பட 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் அப்பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இரண்டு தலைமுறையினர். சட்டம் இயற்றுவோரும் அதைச் செயற்படுத்துவோரும் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இது. ஓர் அதிகாரத்தை மேல்நிலைக்கு மாற்றும்போது, கீழ்நிலையில் அவ்வதிகாரம் ஆற்றிவந்த பணி எதுவென்று கணக்கெடுத்து, அதைத் தொடர்வதற்கும் அதே சட்டத்தில் வழி செய்வதே முறையாகும்.

நிதியத்தின் அமைப்பை மாநில அரசு நிர்ணயிக்கிறது. 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அதன் அமைப்பு, செலவு குறித்து மத்திய அரசும் கட்டளையிடலாம். மூன்றாவது அடுக்கும் உண்டு. அட்டவணைப் பகுதிகளில் சிறு கனிமக் குத்தகைக்குக் கிராம சபை அல்லது பஞ்சாயத்தின் முன் பரிந்துரை தேவை என்று 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்துகள் விரிவாக்கச் சட்டம் கூறுகிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டத்தைப் பற்றி, வன உரிமைச் சட்டத்தின் கீழ் மக்களின் உரிமைகளைக் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை ஏற்க மறுத்தன.

அலுவலர் கேட்க வேண்டிய கேள்விகள்

மத்திய, மாநிலச் சட்டங்கள் சந்திக்கும் எந்த இடத்திலும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்பது பயன்தரும். முதலாவது, பொருள் எந்தப் பட்டியலில் எந்த இனத்தில் உள்ளது, அது வேறொரு இனத்துக்கு உட்பட்டதா? இரண்டாவது, பிரகடனம் இருப்பின் அது எந்த அளவுக்குக் களத்தை எடுத்துள்ளது? மூன்றாவது, மாநிலம் செயற்படுவது சொந்த அதிகாரத்தாலா, மத்தியச் சட்டம் அளித்த அதிகாரத்தாலா? நான்காவது, அது ஒழுங்குமுறையா, வரியா, கட்டணமா? இவற்றுக்கு விடை காணாமல் பிறப்பிக்கப்படும் ஆணை, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், நீதிமன்றத்தில் நிலைப்பது அரிது.

இவற்றோடு திட்டப் பணியில் ஈடுபட்டோர் ஐந்தாவது கேள்வி ஒன்றையும் கேட்க வேண்டும். இந்த அதிகாரம் யாரிடம் இருந்தாலும், சுரங்கத்தின் அருகே உள்ள கிராமத்துக்குக் குடிநீரும் சாலையும் தரும் பொறுப்பு எந்த அலுவலகத்தில், எந்தக் கணக்குத் தலைப்பில் உள்ளது? மாவட்டக் கனிம நிதியம் அதற்கு இன்று ஒரு விடையாக உள்ளது. 2024ஆம் ஆண்டின் தீர்ப்புக்குப் பின் மாநிலங்கள் பெறும் புதிய வரியிலும் அப்பகுதிகளுக்கு உரிய பங்கு ஒதுக்கப்படுமானால், எழுபது ஆண்டு வழக்குகளின் பயன் அம்மக்களையும் எட்டும்.